கோட்டுக்கு மஞ்சள் வைத்தவன்

புதுக் கோட் ஒன்றுக்கு மஞ்சள் வைத்து, அதை மனைவி போடவும் முடியாமல், கடைக்காரர் திருப்பி எடுக்கவும் முடியாமல் செய்துவிட்ட புத்திசாலிகள் லண்டனில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அறிந்தவரை ஒருவன்தான். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அவனைப் பார்க்கிறேன். பார்த்ததும் இரண்டு பேருமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

அவமானத்தை முழுதாகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோட்டைத் தெரிவுசெய்யும்படி என்னிடம் யாரும் கேட்கவில்லை. "ஒருக்கா வந்து பாருங்கோ" என்றுதான் மனைவி கேட்டாள். வந்து பார்ப்பதற்கும் வாயைத் திறப்பதற்கும் இடையில் ஒரு இடைவெளி உண்டு என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மனைவி பல வருடங்களாக ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்தாள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கும் மீனும் பொரித்துக் கொடுத்துக்கொண்டே, மாலை வகுப்புக்குப் போய்க் கணக்கியல் படித்தாள். போன கார்த்திகையில் பாரிங்டன் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். எங்கள் மனோர் பார்க்கில் எலிசபெத் லைன் ரெயினில் ஏறினால் நேரே போய் இறங்கலாம்.

"எனக்கு ஒரு கம்பளிக் கோட் வேணும்" என்றாள். "வேலைக்குப் போட்டுக்கொண்டு போகக்கூடினதா. பாக்கவும் வடிவா இருக்கோணும்."

"இருக்கிற ஜக்கெற்றுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

வாசலில் கொழுவியிருந்த கறுப்பு ஜக்கெற்றை எடுத்து வந்து என் மூக்கில் வைத்தாள். பஞ்சு அடைத்து, வரி வரியாகத் தைத்த சாமான் அது. லண்டனில் பாதிச் சனம் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறது. படுக்கைப் பையிலிருந்து எழும்ப மனமில்லாமல் அப்படியே பையோடு வேலைக்கு வந்துவிட்டவர்கள் மாதிரி. எங்கள் ஆட்கள் கலியாண மண்டபத்துக்கும் காஞ்சிபுரம் சேலைக்கு மேலே அதையே போட்டுக்கொண்டு வருவார்கள். கீழே தங்கச் சரிகை, மேலே மூட்டை.

"மணந்து பாருங்கோ. என்ன மணக்குது?"

"நேற்றையான் மீன்பொரியல்."

"வடிவா மணந்து பாருங்கோ. முந்தநாளையான் கத்தரிக்காயும் வரும். நான் முதல்நாள் ரெயினில இருக்கேக்க பக்கத்தில இருக்கிறவள் எழும்பிப் போகக்கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

அவள் சொன்னது உண்மைதான். எங்கள் வீட்டு வாசலில் கோட் கொழுவும் ஆணிக்கும் சமையலறைக் கதவுக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கிற தூரம்தான். இந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். வெள்ளைக்காரன் முட்டையும் பாணும் தின்பதற்குக் கட்டிய வீட்டில் நாங்கள் சூடை மீன் பொரிக்கிறோம். ஒருமுறை பஸ்ஸில் யாரோ மூக்கைச் சுளித்துக்கொண்டு இருக்கை மாறியதை அவள் எனக்குச் சொன்னதில்லை. மகளுக்குச் சொன்னதை நான் படியில் நின்று கேட்டிருக்கிறேன்.

ஆகவே இது கோட் விஷயம் மட்டுமல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிழை விட்டேன்.

நான் லண்டனுக்கு வருமுன் ஜேர்மனியில் இருந்தவன். அங்கிருந்து வந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் "அங்க உப்பிடி இல்லை" என்போம். பாண் அங்கத்தையான் போல இல்லை. ஜன்னல் இறுக்கமாகப் பூட்டாது. கதவுப் பிடி கையோடு வரும். குளிர்கூட இங்கே தரம் குறைந்தது. இந்த ஊரில் விழுவதை நான் பனி என்று சொல்லமாட்டேன். பனிக்கு வர நேரமில்லாமல் தனக்குப் பதிலாக அனுப்பிவைத்த தூறல். இதற்கா இவ்வளவு உடுப்பு என்று ஒவ்வொரு குளிர்காலமும் பிளட்போமில் நின்று சனத்தைப் பார்த்து இளக்காரமாகச் சிரிப்பேன். ஒருவர் மேலே எஸ்கிமோ மாதிரி மூடிக்கொண்டு கீழே அரைக்காற்சட்டையோடு நிற்பார். இன்னொருவருடைய நாய் அவரைவிட நல்ல கோட் போட்டிருக்கும். அந்த நாயின் கோட்டில் பொக்கற்கூட இருந்தது. நாய் அதற்குள் எதை வைக்கும் என்று நான் அன்று முழுவதும் யோசித்தேன்.

ஜேர்மனியில் நான் போட்டிருந்த கம்பளிக் கோட்டைப் பற்றி வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அதன் நெசவு, அதன் பாரம், காற்றுப் புகாத கழுத்து. அது அகதி விடுதிக்குப் பெட்டியில் வந்த பழைய உடுப்புகளுக்குள் கிடந்தது என்பதையும், யாரோ ஒரு கிழவர் செத்த பிறகு வந்தது என்பதையும் மட்டும் சொல்வதில்லை. கடையில் போய் ஒரு கோட்டைத் தெரிவுசெய்து வாங்கிய அனுபவம் என் வாழ்க்கையில் இருந்ததே இல்லை. அந்த அறிவோடுதான் நான் நிபுணன் ஆனேன்.

எனக்கு வேலை, வீடுகளுக்குச் சமையலறை பொருத்துவது. என்னோடு கூட வேலை செய்கிறவர் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், செவன் கிங்ஸில் இருக்கிறார். வயதில் என்னைவிடக் குறைந்தவர். "அண்ணை" என்று மரியாதையாகத்தான் தொடங்குவார். மரியாதை அந்தச் சொல்லோடு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை வானில் வரும்போது அவரிடம் சொன்னேன்.

"நாளைக்குக் கோட் எடுக்கப் போறம்."

"ஆருக்கு?"

"அவவுக்கு."

"அப்ப நீங்கள் ஏன் போறியள்?"

"குவாலிற்றி பாக்க ஒரு ஆள் வேண்டாமே?"

"அண்ணை, போன கிழமை நீங்கள் அளந்த அலுமாரிக் கதவு இன்னும் பூட்டேலாமல் கிடக்குது."

அதற்குப் பிறகு இல்போர்ட் வரும்வரை நான் ரேடியோ கேட்டேன்.

சனிக்கிழமை காலை இல்போர்ட்டில் ஒரு கடைக்குப் போனோம். மனைவி ஏற்கெனவே வந்து பார்த்து வைத்த கோட் அங்கே இருந்தது. கரும்பச்சை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிகிறது. கழுத்துவரை பொத்தான். இரண்டு பக்கமும் உண்மையான பொக்கற்றுகள், ஆழமானவை. அவளுடைய அளவில் ஒன்றுதான் மிச்சம். அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்து, கைகளிரண்டையும் மணிக்கட்டுவரை பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். கைகளை வெளியே எடுக்க அவளுக்கு மனமில்லை என்பதைக் கண்டேன். கண்டுகொண்டும் வாயைத் திறந்தேன்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"பார்க்கிங் டிக்கற் எழுதுற ஆள் மாதிரி இருக்கு."

"மெய்யாவோ?"

"ஒரு தொப்பியும் வைச்சால் காணும். றோட்டில நிக்கிற கார்க்காரர் எல்லாம் ஓடிப்போயிடுவினம்."

அவள் கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

"நீளம் அளவாக் கிடக்கு. எஸ்கலேட்டரில மாட்டாது" என்றாள். "இந்த நிறத்தில ஊத்தையும் தெரியாது. மேல அலுமாரிக்குள்ள உறை போட்டு வைச்சால் மணமும் பிடிக்காது."

"இஞ்சேரும், நீர் ஒபிசுக்குப் போறீர். சந்தைக்குப் போகேல்லை. வாரும், நான் ஒரு நல்ல கடைக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

சொல்லிவிட்டு வெற்றி பெற்றவன் மாதிரி வெளியே போய் நடைபாதையில் நின்றேன். அவள் வரக் கொஞ்சம் நேரமானது. கோட்டைக் கழற்றிக் கொழுவ இவ்வளவு நேரமா என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடிக்குள் தெரிந்த பொம்மைகளை ஏளனமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் கடைப் பிள்ளையோடு ஏதோ கதைத்தது தெரிந்தது. நன்றி சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஒக்ஸ்போர்ட் ஸ்ட்ரீற் பெரிய கடையில் பொம்மைகளுக்குத் தலையே இல்லை. கோட் மட்டும் நிற்கிறது. நல்ல ஏற்பாடு, இந்த விலைக்கு வாங்குகிறவர்களுக்குத் தலை தேவைப்படாது என்று சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. பெண்கள் உடுப்பு மாற்றும் அறைகளுக்கு வெளியே ஒரு நீளமான இருக்கை. அதில் கணவர்மார் வரிசையாக இருந்தார்கள். மடியில் மனைவிமாரின் கைப்பைகள். ஒருவர் வாய் திறந்து தூங்கினார். இன்னொருவர் திரை விலகும்போதெல்லாம் யார் வருகிறார் என்று பாராமலே "வெரி நைஸ்" என்றார். முதுகெலும்பில்லாத கூட்டம் என்று நினைத்தேன். இன்று யோசித்தால், அந்த இருக்கையில் இருந்தவர்களுக்குள் மனைவிக்குத் தீங்கு செய்தவன் நான் ஒருவன்தான். அவர்கள் சும்மா இருந்தார்கள்.

கோட்டைக் கண்டுபிடித்ததும் நானே. ஒட்டக நிறம். கணுக்கால்வரை நீளம். இடுப்பில் பட்டி, தோளை மூடும் அளவுக்குக் கழுத்துப்பட்டை. விற்கிற பெண் என்னை "சேர்" என்று கூப்பிட்டாள். எந்தக் காலத்துக்கும் பொருந்துகிற கோட் இது என்றாள். வேறொரு நாள் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், என்னுடைய தாத்தா காலத்துக்கும் பொருந்துமோ என்று கேட்டிருப்பேன். அன்று தலையை ஆட்டினேன். ஒரு "சேர்" போதும், என்னை விலைக்கு வாங்குவதற்கு.

மனைவி இடுப்பின் இரு பக்கமும் தடவிப் பார்த்தாள். பொக்கற் வாய் மாதிரி இரண்டு மடிப்புகள் இருந்தன. விரல் உள்ளே போகவில்லை. வெறும் தையல்.

"இதுக்குப் பொக்கற் எங்க?"

பொக்கற் வைத்தால் கோட்டின் அமைப்புக் கெட்டுவிடும் என்று கடைப்பெண் ஆங்கிலத்தில் விளக்கினாள்.

"கைப்பை எதுக்கு இருக்கு?" என்று நான் தமிழில் விளக்கினேன்.

"இந்த நிறம் ரெயினில ஊத்தைப்படாதே?"

"நீரென்ன, ரெயினில நிலத்திலயே இருக்கப் போறீர்?"

"ரெயின் கார்ட், போன், கையுறை எல்லாம் ஒவ்வொருக்காலும் பையைத் திறந்து எடுக்கோணும்."

"எடுக்கத்தானே பை."

அவளுக்குச் சரியான அளவு இருந்தது. அதையும் நான் விடவில்லை. உள்ளுக்கு ஸ்வெற்றர் போட வேண்டும், ஒரு அளவு பெரிசாக எடுப்போம் என்றேன். எங்கள் ஆட்கள் எதையும் அளவாக வாங்குவதில்லை. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினால் பிள்ளை வளரும் என்று பெரிசாக வாங்குவோம். வளர்ந்து முடிந்த மனுசிக்கும் அதே கணக்குத்தான். தோள் இரண்டும் கீழே தொங்க அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கோ?"

"எனக்குப் பிடிச்சிருக்கு."

"அப்ப சரி."

அவளுடைய "அப்ப சரி"க்கு என்ன பொருள் என்று அறியப் போதுமான காலம் நான் அவளோடு வாழ்ந்திருக்கிறேன். அறிவு இருந்தது. பாவிக்கவில்லை.

வீட்டில் மகள் பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தாள். கதவைத் திறந்ததும் தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பத் தாயைப் பார்த்தாள்.

"அப்பா, இது நீங்கள்தானே சூஸ் பண்ணினது?"

"ஏன், எப்பிடித் தெரியும்?"

"நோ, இட்ஸ் பியூட்டிபுல். அம்மா சீரியல்ல வாற பணக்கார மாமி மாதிரி இருக்கா. கொலை செய்யிற மாமி."

"அவளுக்கு இதுகள் விளங்காது" என்று மனைவிக்குச் சொன்னேன்.

மனைவி கோட்டைக் கழற்றி மேலே கொண்டுபோய் அலுமாரியில் கொழுவினாள். கோட்டின் கையில் தொங்கிய விலை அட்டையை மட்டும் வெட்டவில்லை. அதை நான் கவனித்தேன். அட்டையை வெட்டாமல் விட்டால் அந்த உடுப்புக்கு எங்கள் வீட்டில் இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை என்று பொருள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பழைய கறுப்பு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள்.

"கோயிலுக்குப் போட்டு, அப்பிடியே கடைக்கும் போட்டு வாறன்" என்றாள்.

எந்தக் கடை என்று சொல்லவில்லை. கதவு சாத்தியதும் எனக்கு விளங்கிவிட்டது. இவள் மனம் மாறிவிட்டாள். இன்றோ நாளையோ ஒட்டகக் கோட் கடைக்குத் திரும்பப் போகப் போகிறது. அதோடு என் ஜேர்மன் அறிவும் திரும்பிப் போகும். மன்னார்க்காரர் அலுமாரிக் கதவோடு இதையும் சேர்த்துச் சொல்லிக் காட்டுவார். ஏதாவது செய்ய வேண்டும்.

அப்போதுதான் மஞ்சள் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் புது உடுப்பு எதையும் அப்படியே உடுத்துவதில்லை. மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துத்தான் உடுத்துவோம். எப்போதும் அதை மனைவிதான் செய்வாள். என் காற்சட்டைக்கும், மகளின் பள்ளிக்கூட உடுப்புக்கும், ஒருமுறை சோபாவின் உறைக்கும்கூட வைத்திருக்கிறாள். மஞ்சள் பட்ட உடுப்பு வீட்டோடு சேர்ந்துவிட்டது. அதை யாரும் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் மஞ்சளை வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. அவள் வந்து பார்ப்பாள், மனம் இளகுவாள், தன் புருஷன் நல்ல காரியத்துக்கு மஞ்சள் வைத்து அனுப்புகிறான் என்று கண்கூடக் கலங்கும். ஒரு துளி மஞ்சளில் பக்தியும் தந்திரமும் சேர்ந்தே இருந்தன. தந்திரம் கொஞ்சம் கூட.

சமையலறைக்குப் போய் உள்ளங்கையில் மஞ்சள்தூளைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். ஒரு பொட்டு வைக்க அரிசியளவு போதும். ஆனால் என் கை வாழ்நாள் முழுவதும் தண்ணீர்த் தொட்டி ஓரத்துக்குச் சிலிக்கன் பசை பூசிப் பழகிய கை. இடைவெளி விடாமல் நிரப்பித்தான் அதற்குப் பழக்கம். கோட்டின் கீழ் விளிம்பை உட்பக்கமாக மடித்து, மூலையில் வைத்து, பெருவிரலால் நன்றாக அழுத்தி இழுத்தேன்.

கம்பளி குடித்தது. அவ்வளவு தாகத்தோடு எதுவும் எதையும் குடித்து நான் பார்த்ததில்லை. உட்பக்கம் வைத்த மஞ்சள் வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தது. ஒட்டக நிறத்தில் ஒரு மஞ்சள் நிலா. நான் பார்த்துக்கொண்டு நிற்கவே அது வளர்பிறையானது.

கோட்டைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். சுடுதண்ணீரைத் திறந்தேன். பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றித் தேய்த்தேன். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். சோப்புச் சேர்ந்தாலும் அதே கதைதான். குழம்பு பட்ட சேட்டைக் கழுவிய எந்தத் தமிழனுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். நிலா சிவந்து, கரைந்து, கோட்டின் முன்பக்க விளிம்பெல்லாம் பரவிய பிறகு நினைவுக்கு வந்தது. சுடுதண்ணீர் பட்ட விளிம்பு அப்பளம் மாதிரிச் சுருங்கி மேலே எழும்பியது. இப்போது அதைப் பார்த்தால், கோட்டுக்காரி ரெயினில் யாரையோ குத்திவிட்டு, ஓடும்போது விழுந்தும் எழும்பியிருக்கிறாள் என்று சொல்லலாம்.

வேறு வழியில்லாமல் மன்னார்க்காரருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, இண்டைக்கு ஞாயிறு. இப்பத்தான் பூசை முடிஞ்சு வெளியில வாறன்."

"மஞ்சள் கறை எடுக்கிறதுக்கு என்ன போடுறது?"

"எதில? மாபிளிலயோ?"

"கோட்டில."

"ஆற்ற கோட்டில?"

"அவவின்ர."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புதுக் கோட்டிலயோ?"

"ஓம்."

"அண்ணை, நான் திரும்பக் கோயிலுக்குள்ள போறன். உங்களுக்காக ஒருக்கா மன்றாடிப்போட்டு வாறன்."

போனை வைத்துவிட்டார். நான் கோட்டைக் குளியல் தொட்டிக்குள் போட்டு, மகளின் முடி உலர்த்தும் கருவியால் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது கீழே கதவு திறந்தது. மனைவி படியேறி வந்தாள். வாசலில் நின்றவளைப் பார்த்தேன். அவள் கரும்பச்சைக் கோட் போட்டிருந்தாள். கைகளிரண்டும் பொக்கற்றுக்குள்.

"என்ன இது?" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அவள் பதில் சுருக்கமானது. "நேற்று நீங்கள் வெளியில போய் நிக்கேக்கயே அந்தப் பிள்ளையிட்ட எடுத்து வைக்கச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

"அப்ப ஏன் என்னோட ஒக்ஸ்போர்ட் ஸ்ட்ரீற் வந்தனீர்?"

"நீங்கள் ஆசையா வெளிக்கிட்டியள். திருப்பிக் குடுக்கலாம்தானே எண்டு விட்டனான். இப்ப நீங்கள் சொல்லுங்கோ. தொட்டிக்குள்ள என்ன?"

"மஞ்சள் வைச்சனான்."

"ஆரைக் கேட்டு?"

"நல்ல காரியத்துக்குத்தானே."

"ஏன் சிவப்பாக் கிடக்கு?"

"சோப்புப் போட்டனான்."

அவள் தொட்டியின் விளிம்பில் அமர்ந்தாள். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசினால் நான் ஒரு பகிடி விட்டுத் தப்பிவிடுவேன். அவள் சுருங்கிய விளிம்பை எடுத்து நீவிப் பார்த்துவிட்டு, "பஞ்சுத்துணியெண்டு நினைச்சியளோ" என்று மட்டும் கேட்டாள். மகள் தூக்கக் கலக்கத்தில் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, டிட் யூ கில் சம்வன்?"

"கோட்டைத்தான்" என்றாள் தாய்.

பிறகு அவள் கீழே போய் மஞ்சள் டப்பாவைத் திறந்தாள். தண்ணீர் எடுக்கவில்லை. உலர்ந்த தூளைச் சுண்டுவிரல் நுனியால் தொட்டு, உதறி, பச்சைக் கோட்டின் வலப்பக்கப் பொக்கற்றுக்குள்ளே கையை விட்டு, உள்துணியின் அடியில் ஒரு பொட்டு வைத்தாள்.

"ஆருக்கும் தெரியாது" என்றாள். "கையை விட்டால் எனக்குத் தெரியும்."

நான் நிபுணன் என்று சொல்லிக்கொண்ட அந்த வார இறுதி முழுவதிலும், பொக்கற் எதற்கு என்று எனக்கு விளங்கிய நேரம் அதுதான். அன்று மாலை வீட்டில் பொரியல் இல்லை. பருப்பும் கீரையும். பச்சைக் கோட் உறைக்குள் போய், சிப் இழுத்துப் பூட்டி, மேலே அலுமாரிக்குள் இருந்தது. ஒட்டகக் கோட் கதவில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதை இனி என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"திருப்பியும் குடுக்கேலாது, ஆருக்கும் குடுக்கவும் ஏலாது. நீங்கள் ஆசைப்பட்டு எடுத்தது. நீங்களே போடுங்கோ."

பகிடி என்றுதான் நினைத்தேன். திங்கள் காலை என் வேலை ஜக்கெற் மன்னார்க்காரரின் வானில் கிடப்பது நினைவுக்கு வந்தபோது, வாசல் ஆணியில் ஒட்டகக் கோட் காய்ந்து தயாராக இருந்தது. கறுப்பு ஜக்கெற்றை அவள் ஏற்கெனவே குப்பைப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டாள். வெளியே நல்ல குளிர். தரம் குறைந்த குளிர்தான், ஆனாலும் நல்ல குளிர். ஒரு அளவு பெரிசாக வாங்க வைத்ததன் பலன் அன்றுதான் தெரிந்தது. தோள் எனக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. பொத்தான்கள் மட்டும் மற்றப் பக்கம். விரல்கள் தடுமாறின.

ஸ்டேஷன்வரை அவளோடு நடந்தேன். அவளுடைய வலக்கை பொக்கற்றுக்குள் இருந்தது. பிளட்போமில் வழக்கமான சனம். படுக்கைப் பைகள், அரைக்காற்சட்டை, போனில் கத்துகிறவர், காலுறையில்லாமல் சப்பாத்துப் போட்ட கனவான். இவர்களுடைய மூக்குக்கா என் மனைவி பயப்படுகிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது. இவர்களில் ஒருவருடைய கோட்டையும் நான் என் வீட்டுக் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போர்த்தமாட்டேன். அவர்களில் சிலர் என் கோட்டின் விளிம்பைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

"கிட்ட நிக்காதேங்கோ" என்றாள் மனைவி, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு. "ஆக்கள் பாக்கினம்."

"நல்லதுதானே. என்னைப் பாத்தால் உம்மைப் பாக்கமாட்டினம்."

அதற்குத்தான் அவள் சிரித்தாள். இல்போர்ட் கடைக்குப் பிறகு முதல்முறை.

ரெயின் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் அமர்ந்தாள். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. ஒருவர் அதைக் கடந்து போனார். இன்னொருவர் பார்த்துவிட்டு நின்றபடியே இருந்தார். கதவு மூடச் சத்தம் எழுப்பியபோது ஒரு இளம்பெண் ஓடிவந்து ஏறி, அந்த இருக்கையில் பொத்தென்று விழுந்தாள். மனைவியின் கோட் நுனி அவளுடைய தொடைக்குக் கீழே அகப்பட்டது. ஏதோ சொல்லி எடுத்துவிட்டாள். மனைவியும் ஏதோ சொன்னாள். பிறகு அந்தப் பெண் போனைத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து இருந்தாள். எழும்பவில்லை. மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் பார்க்க நிறைய இருந்தது. ரெயின் போய்விட்டது.

ஸ்டேஷனுக்கு வெளியே மன்னார்க்காரர் வானை நிறுத்தி, கதவில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றார். தெருவைக் கடக்கும்போதே என் பதில்களை ஆயத்தம் செய்துகொண்டேன். பெண்கள் கோட் என்று அவர் சிரித்தால், ஜேர்மனியில் ஆம்பிளைகளும் இப்படித்தான் போடுவார்கள் என்று சொல்லலாம். பொத்தானைக் காட்டினால், எனக்கு இடக்கைப் பழக்கம் என்று சொல்லலாம். கறையைக் கேட்டால், பிரார்த்தனை பலிக்கவில்லை என்று அவர் தலையிலேயே போடலாம்.

அவர் கழுத்துப்பட்டையிலிருந்து சுருங்கிய விளிம்புவரை நிதானமாகப் பார்த்தார். கடைசி மிடறையும் குடித்து முடித்தார்.

"அண்ணை" என்றார், "உந்தக் கோட்டைப் பொம்பிளையள் போட்டாலும் வடிவா இராது."